சைக்கிள் ஓட்டினார்கள் சரி, படித்தார்களா?



போன தவணையில் என் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு ஒரு கட்டுரையை வாசித்துக் காட்டினேன். பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஆங்கிலத்தில் எழுதியது. 1996-இல் வந்த ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்’ என்ற அவருடைய நூலில் இருக்கிறது. தலைப்பைத் தமிழில் ‘சக்கரம் இருக்கும் இடத்தில்’ என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில்கூட இதன் மொழிபெயர்ப்பு பாடமாக இடம்பெற்றது. நடந்ததோ தமிழ்நாட்டில், புதுக்கோட்டையில். நம்ம பிள்ளைகளுக்கு இதைத் தெரியாமல் விடலாமா என்றுதான் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். எல்லாரும் ஆர்வமாகக் கேட்டார்கள். முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், சைக்கிள் ஓட்டினாங்க சரி. கடைசியில படிச்சாங்களா இல்லையா?”

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போய்க் கட்டுரையை மறுபடி வாசித்தேன். அந்தக் கேள்விக்கு அதற்குள் பதில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வாசிக்காதவர்களுக்குப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவில் 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990-இல் கேரளாவின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்த்து மற்ற மாவட்டங்களும் இறங்கின. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வந்தது. அரசாங்கம், தமிழ்நாடு அறிவியல் இயக்கம், ஊர் இளைஞர்கள் எல்லாரும் சேர்ந்த வேலை. சொல்லிக்கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். வயல் வேலையும் கல்குவாரி வேலையும் முடிந்து வரும் பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் வகுப்பு. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். பெண் தொண்டர்கள் பேருந்து போகாத ஊருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதே முதல் காரணம். அது பற்றிக்கொண்டது. ஒரு லட்சம் பெண்கள் அளவுக்குச் சைக்கிள் கற்றார்கள் என்கிறார் சாய்நாத். 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள்.

கட்டுரையின் பலம் அதன் சின்னச் சின்னத் தகவல்கள். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தும் இருந்தது. முன்னால் இருக்கும் அந்தக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! சைக்கிள் வாங்க வசதியில்லாத ஓர் ஆசிரியை, சாயந்திரம் அரைமணி நேரம் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார். தண்ணீர் எடுக்க, விளைந்ததை விற்க, பிள்ளையைக் கூட்டிவர, எல்லாவற்றுக்கும் அப்பாவையோ அண்ணனையோ பேருந்தையோ எதிர்பார்க்க வேண்டியதில்லை. இதில் பணம் எவ்வளவு மிச்சம் என்று மட்டும் கணக்குப் போட்டால் விஷயம் புரியாது, அந்தப் பெண்களுக்குக் கிடைத்த தன்னம்பிக்கைதான் பெரிது என்கிறார். சரியான பேச்சு. மாணவர்களே, கருத்தைச் சொல்லிவிட்டு எடுத்துக்காட்டைத் தேடாமல், எடுத்துக்காட்டின் வழியாகவே கருத்துக்கு எப்படிப் போவது என்று இவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் எழுத்து எங்கே போனது? புதிதாக எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் என்று தொடக்கத்தில் சொல்கிறார். பிறகு சக்கரம் சுழல ஆரம்பித்ததும் கரும்பலகை பின்னால் போய்விடுகிறது. எந்தப் பெண் எதை வாசித்தாள், எந்த எழுத்தில் தடுக்கினாள், எப்போது வகுப்பை விட்டு நின்றாள் என்பதெல்லாம் அதில் இல்லை. சைக்கிளில் போகும் பெண்ணை நின்று பார்க்கலாம், படம் எடுக்கலாம். ஒரு பெரியவர் ஒரு சொல்லைக் கூட்டி வாசிக்க நான்கு நிமிடம் எடுத்துக்கொள்வதை யார் நின்று பார்ப்பார்? சாய்நாத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் எழுத வந்தது சைக்கிளைப் பற்றி. அதை எழுத்தறிவுக்கான பாடமாக நாம் வகுப்பில் எடுக்கும்போதுதான் ஓட்டை தெரிகிறது.

இந்த ஓட்டை எனக்கு உறுத்தியதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. இரண்டு ஆண்டுக்கு முன்னால் ஜார்ஜ்டவுனில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு ஒன்று தொடங்கினோம். நான், ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர், பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு பேர். சனிக்கிழமை சாயந்திரம், ஒரு பிளாட்டின் கீழ்த்தளத்தில். பதினொரு அம்மாக்கள் வந்தார்கள். பெரும்பாலும் தோட்டத்தில் பிறந்து, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டவர்கள். 1816-லேயே பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய ஊர் நம்ம ஊர். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1912-லேயே சட்டம் வந்த நாடு. அப்படியும் கைநாட்டு வைக்கும் அம்மாக்கள் நம்ம தாமானில் இருக்கிறார்கள். நம்ம மாணவர்களின் பாட்டிமார்கள்தான்.

முதலாம் ஆண்டு எழுத்து அட்டையை மாட்டி ‘அ’விலிருந்து ஆரம்பித்தோம். அணில், ஆடு, இலை. மூன்றாவது மாதம் நாலு பேர்தான் மிச்சம். நின்றுபோன ஓர் அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்துக் கேட்டேன். “டீச்சர், கோவிச்சுக்காதீங்க. ஆடு எனக்குத் தெரியும். நான் ஆடு வளத்தவ” என்றார். பிறகு பையிலிருந்து கிளினிக் மருந்துப் பொட்டலங்களை எடுத்துக் காட்டினார். இனிப்புநீருக்கு இரண்டு விதமான மாத்திரை. ஒன்றில் ‘செபெலும் மாக்கான்’, இன்னொன்றில் ‘செலெபாஸ் மாக்கான்’. சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின். ரூமி எழுத்தில் எழுதிப் பாருங்கள்: முன், பின் என்ற அந்த இரண்டு சொல்லுக்கும் ஏழேழு எழுத்து. முதல் இரண்டும் நாலாவதும் ஒன்றே. பேரப்பிள்ளை வீட்டில் இல்லாத நாளில் எது எது என்று தெரியாமல் இரண்டையும் சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொள்கிறாராம்.

தமிழாசிரியை நான். அந்த அம்மாவுக்கு உடனடியாகத் தேவைப்பட்டது தமிழ் எழுத்து இல்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

சாய்நாத் விட்ட இடத்தை நிரப்ப ஒரு நூல் இருக்கிறது. ஃப்ரான்சிஸ் கோடி என்ற மானுடவியலாளர் 2013-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தி லைட் ஆஃப் நாலட்ஜ்’. அதே புதுக்கோட்டை, அதே அறிவொளி. ஆனால் அவர் அங்கே தங்கி ஆய்வு செய்தது 2000-களின் தொடக்கத்தில், ஊர்வலமெல்லாம் முடிந்து பத்தாண்டு கழித்து. நூல் லேசானது இல்லை. கோட்பாட்டு விவாதம் வரும் பக்கங்களை நான் இரண்டு தடவை வாசித்தும் சிலது பிடிபடவில்லை. ஆனாலும் ஆசிரியர்கள் இதில் மூன்று இடங்களையாவது பார்க்க வேண்டும்.

ஒன்று, பாடநூல் பற்றியது. பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரைரே, கற்பவரின் வாழ்க்கையில் சூடாக இருக்கும் சொல்லிலிருந்துதான் பாடம் தொடங்க வேண்டும் என்றவர். (டிப்ளோமா படித்தபோது இவரைப் பற்றி நாலு பக்கம் எழுதி பாஸ் பண்ணினேன். வகுப்பில் நின்றபோது ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை!) அந்த வழியில் அறிவொளியின் தொடக்கப் பாடங்களில் இடம்பெற்ற சொல், பட்டா. நிலத்துக்கான பத்திரம். நிலமில்லாத கூலிப் பெண்ணிடம் அந்தச் சொல்லைக் காட்டினால் பேச்சு தானாக வரும். இதில் தமிழாசிரியர் மட்டும் கவனிக்கக்கூடிய ஒரு நுட்பமும் உண்டு. ‘அ’ நம் எழுத்துகளிலேயே வரையக் கடினமான ஒன்று. ‘ப’வும் ‘ட’வும் நேர்கோடுகள். அவற்றோடு ‘ம’, ஒரு கால், ஒரு புள்ளி சேர்த்தால் போதும்: படம், பட்டம், மட்டம், மாடம், மாமா, பாப்பா, பட்டா. மூன்றே எழுத்து வடிவத்தில் ஏழு சொல். ஐம்பது வயது விரல் பென்சிலைப் பிடிக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை. அகரவரிசை என்பது ஏற்கெனவே படித்தவர்கள் அகராதி புரட்டுவதற்கான வரிசை. கற்பதற்கான வரிசை அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

இரண்டாவது, கையெழுத்து. கைநாட்டு வைக்காமல் தங்கள் பெயரைத் தாங்களே எழுதி, ஒரு கிராமத்துப் பெண்கள் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கும் நிகழ்ச்சியைக் கோடி நிதானமாக எழுதுகிறார். அதை வெற்றி என்று முடித்துவிடாமல், மனு என்ற அந்தத் தாளின் மொழி யாருடையது என்று கேட்கிறார். கையெழுத்து அவர்களுடையது. மேலே உள்ள வாசகமோ அலுவலகத்துக்கென்று ஏற்கெனவே இருக்கும் அச்சு. கையெழுத்துப் போட்டதாலேயே ஒருவர் அரசாங்கத்தின் முன் சமமாகிவிடுவதில்லை என்கிறார். இதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதி எங்கே இடிக்கிறது என்றால், தன் பெயரை முதல் தடவை எழுதிய ஓர் அம்மா அந்தத் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளை அவர் எந்த அலுவலகத்துக்கும் கொடுக்கப் போவதில்லை. அதிகாரத்தையும் குடியுரிமையையும் வைத்தே அளக்கும் ஆய்வில் இதற்கு இடம் குறைவு. தொண்டர்களின் மனத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் கோடி, கற்றவர்களின் நோட்டுப் புத்தகத்தை இன்னும் கொஞ்சம் திறந்து காட்டியிருக்கலாம்.

மூன்றாவது, ‘ஒளி’ என்ற உருவகம். இது நேராக மாணவர்களுக்கு. எழுத்தறிவு பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் பத்துக்கு எட்டுத் தாளில் ‘அறியாமை என்னும் இருள்’ வருகிறது. அந்த இயக்கத்தின் பெயரே அறிவொளிதான். திருநெல்வேலிப் பக்கம் அதில் உழைத்த எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் தம் அனுபவ நூலுக்கு வைத்த பெயரும் ‘இருளும் ஒளியும்’. உருவகம் பழையது, அழகானது. ஆனால் அதை எழுதும்போது எதிரே இருப்பவரை இருட்டில் உட்கார வைக்கிறோம் என்பதை யோசிக்க வேண்டும் என்று கோடி படிக்கும்போது தோன்றியது. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்களுக்கு ஒப்பாரி தெரியும், விதைப்புத் தெரியும், யார் யாருக்கு என்ன முறை என்று தெரியும். கற்பிக்கப் போன தொண்டர்களே அவர்களிடம் நிறையக் கற்றார்கள். நம்ம ஊரிலும் அப்படித்தான். எழுத்துத் தெரியாத பாட்டி ஜெட்டியில் நின்றுகொண்டு 204 வந்தால் கொடிமலை, 101 வந்தால் தெலுக் பஹாங் என்று சரியாக ஏறுகிறார். அது வாசிப்பு இல்லையா? அவருக்கு வாசிக்கவே தெரியாது என்று எழுதும் மாணவர், தன் பாட்டியையே சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் நான் ஓரத்தில் குறிப்பு எழுதுவேன். மதிப்பெண் குறைக்க மாட்டேன், பயப்பட வேண்டாம்.

வகுப்பை மாற்றினோம். ரூமியில் முதல் சொற்கள் செபெலும், செலெபாஸ். ‘பெ’ ஒலிக்கான எழுத்தைப் பார்த்தால் முன், ‘ப’ ஒலிக்கான எழுத்து நடுவில் வந்தால் பின் என்று அவரவர் பொட்டலத்தை வைத்தே பழக்கினோம். பிறகு கிளினிக் நாள், பெயர், ஐசி எண். நின்றுபோனவர்களில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். ஆடு வளர்த்த அம்மாவும் வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு இதில் மனவருத்தம். தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது, தமிழ் வகுப்பு என்று சொல்லி மலாய் நடத்துகிறோமே என்றார். அவர் கவலை நியாயமானது. எனக்கும் அது இருந்தது.

தமிழ் ஐந்தாவது மாதம் வந்தது. நாங்கள் கொண்டுவரவில்லை. அந்த அம்மா ஒருநாள் தமிழ்ப் பத்திரிகையின் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தை மடித்து எடுத்து வந்தார். தோட்டம் கலைந்து எல்லாரும் சிதறி முப்பது வருடம் ஆகிவிட்டது. கூட மரம் வெட்டியவர்களில் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று படத்தைப் பார்த்துத்தான் இத்தனை நாள் ஊகித்திருக்கிறார். வயதான முகம் மாறிப்போய்விடுகிறது, பெயரைப் பார்க்கணும் டீச்சர் என்றார். அன்றைக்கே ‘ப’, ‘ட’, ‘ம’, கால், புள்ளி ஆரம்பித்தோம். அகரவரிசை அட்டை சுவரில்தான் இருந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை.

என் மாணவியின் கேள்விக்குப் புதுக்கோட்டையைப் பற்றி என்னால் முழுப் பதில் சொல்ல முடியாது. 1992-லேயே முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவித்தார்கள். பத்தாண்டு கழித்து கோடி போனபோதும் தொண்டர்கள் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இரண்டையும் அவளிடம் சொன்னேன். எங்கள் வகுப்பைப் பற்றியும் சொன்னேன். ஒரு சனிக்கிழமை வந்து பார்க்கலாமா என்று கேட்டாள். வந்தாள்.

அன்று அந்த அம்மா பத்திரிகையை மேசையில் விரித்து ஒரு பெயரின் மேல் விரலை வைத்திருந்தார். “பா... ப்... பா. பாப்பா.” அடுத்த எழுத்தில் விரல் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தார். என் பக்கம் திரும்பாமல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாணவியைப் பார்த்து, “மீதி என்னம்மா?” என்று கேட்டார். ‘த்தி’ நாங்கள் இன்னும் எடுக்கவில்லை.