இத்தாலியத் துப்பாக்கி வீரர் படங்களும் வெல்லப்படா வீரனும்

அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியைக் களமாகக் கொண்டு எழுந்த துப்பாக்கி வீரர் படங்களை ஆங்கிலத்தார் 'வெஸ்டர்ன்' என்பர். 'கௌபாய் படம்' என்பது நம்மவர் வழக்கு. 1960களில் இத்தாலியரும் இவ்வகைப் படங்களை மிகுதியாக எடுத்தனர். தொடக்கத்தில் திறனாய்வாளர் பலர் அவற்றை எள்ளினர். 'ஸ்பகெட்டி வெஸ்டர்ன்' என்னும் பெயரே அவ்வெள்ளலைக் காட்டும். பின்னர் எள்ளல் போற்றுதலாக மாறிற்று. அமெரிக்கர் கட்டிய வீரக்கதையின் பொய்ம்மையை இத்தாலியர் உடைத்தெறிந்தனர் என்பது இன்று பலர் ஒப்பும் கருத்து. அன்றைய எள்ளல் ஆராயாது எழுந்தது. இன்றைய போற்றுதலும் அத்தகையதோ என ஐயுற இடமுண்டு. இவ்வகையில் பெரும்புகழ் பெற்ற செர்ஜியோ லியோனியின் படங்களுக்கு இக்கருத்துப் பொருந்துமா என ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்க மரபு

மரபை உடைத்தனர் எனின், அம்மரபு அதுகாறும் ஊறின்றி நின்றிருத்தல் வேண்டும். அவ்வாறு நிற்கவில்லை. 1952இல் வெளிவந்த 'ஹை நூன்' படத்தில், தான் காத்த ஊரே கைவிட, காவல் தலைவன் பகைவர் நால்வரை எதிர்கொள்கிறான். வென்றபின் தன் பதவிச் சின்னத்தைப் புழுதியில் எறிந்து செல்கிறான். 1956இல் ஜான் ஃபோர்டு இயக்கிய 'தி சர்ச்சர்ஸ்' படத்தின் தலைவனோ, இனவெறுப்பால் தன் உடன்பிறந்தான் மகளையே கொல்லத் துணிபவன். எனவே, வீரனை ஐயுறும் நோக்கு அமெரிக்கரிடமே அரும்பிவிட்டது. இத்தாலியரை அதன் முதல்வர் எனல் பொருந்தாது.

லியோனியின் தலைவன்

லியோனியின் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' 1964இல் வெளிவந்தது. அதன் கதை, ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'யோஜிம்போ' (1961) படத்தினின்றும் இசைவு பெறாது எடுக்கப்பட்டது. வழக்கு எழுந்து, வருவாயில் ஒரு பங்கு ஜப்பானியர்க்கு அளிக்கப்பட்டது. கதையைக் கடன் கொள்ளுதல் கலையுலகில் புதிதன்று. அக்கதையில் வரும் வீரனைக் கொண்டு லியோனி செய்தது யாது என்பதே வினா.

1966இல் வந்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி' இதற்கு விடை தரும். இதில் 'நல்லவன்' எனப் பெயர் பெற்றவன், டூக்கோ என்னும் கொள்ளையனைப் பிடித்துக் கொடுத்துப் பரிசுப் பணம் பெறுகிறான்; அவன் தூக்கிலிடப்படும் வேளையில் கயிற்றைச் சுட்டு அறுத்து மீட்கிறான்; மீண்டும் பிடித்துக் கொடுக்கிறான். பெயரிலேயே அங்கதம் அமைந்துள்ளது, ஐயமில்லை. ஆயினும், இவனுக்குத் தோல்வி என்பது இல்லை. பாலைநிலத்தில் நீரின்றிச் சாகுந் தறுவாயில், புதையலின் மறைபொருளைத் தாங்கிய வண்டியொன்று தானே வந்து இவனைக் காக்கிறது.

பெரிதும் பாராட்டப்படும் இறுதி மும்முனைப் போரை நோக்குக. மூவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் உறுத்துப் பார்க்கின்றனர். என்னியோ மோரிகோனியின் இசை உள்ளத்தை அள்ளுகிறது. ஆனால், டூக்கோவின் துப்பாக்கியிலிருந்த குண்டுகளை நல்லவன் முன்னிரவே நீக்கிவிட்டான் என்பது பின்னர்ப் புலனாகிறது. மூவர் போர் எனக் காட்டப்பட்டது இருவர் போரே. இதனைக் கலையின் கொடுமுடி என்பாரும் உளர். சீட்டாட்டத்தில் சீட்டை ஒளித்தவனின் திறமைக்கு மேல் இதில் யான் ஒன்றும் காணேன்.

அமெரிக்க மரபில் வெற்றி அறத்தின் கூலியாக வந்தது. லியோனி அறத்தை நீக்கினார், வெற்றியை நீக்கவில்லை. காரணமின்றி வெல்லும் வீரன், காரணத்தோடு வெல்லும் வீரனினும் பெரிய பொய் அன்றோ? இறக்கும் இளம்போர்வீரனுக்கு நல்லவன் தன் மேலாடையைப் போர்த்திச் சுருட்டைப் பகிரும் காட்சி உயர்ந்தது, மறுப்பதற்கில்லை. ஆயின், அடுத்த கணமே கதை புதையலை நோக்கி ஓடிவிடுகிறது.

கொர்புச்சியின் படம்

லியோனிக்குரியதாகக் கூறப்படும் பெருமை உண்மையில் செர்ஜியோ கொர்புச்சியின் 'தி கிரேட் சைலன்ஸ்' (1968) படத்திற்கே உரியது. இதன் களம் பனி மூடிய யூட்டா மலைநாடு. தலைவன் ஊமை, பெற்றோரைக் கொன்றோர், சான்று கூறாதிருக்கவேண்டிச் சிறுவனாகிய அவன் தொண்டையை அறுத்தனர். பகைவனைச் சினமூட்டி, அவன் முதலில் துப்பாக்கியை எடுத்தபின் சுடுவது இவன் வழக்கம். தற்காப்பு எனச் சட்டம் இவனை விடுவிக்கும். பரிசுப் பணத்திற்காகக் கொலை செய்யும் லோக்கோவோ இச்சூழ்ச்சியை அறிந்து துப்பாக்கியை எடுக்க மறுக்கிறான். அவனுக்கும் சட்டமே அரண். இறுதியில் ஊமைத் தலைவன், அவனை நாடிய பெண், பிணையாகப் பிடிக்கப்பட்ட எளியோர் அனைவரும் மாள்கின்றனர். எல்லாம் சட்டப்படியே எனக் கூறிக் கொலைஞர் நீங்குகின்றனர்.

தலைவன் மடிவதனாலேயே ஒரு படம் உயர்ந்ததாகிவிடாது என்பர் சிலர். அது மெய்யே. நடுங்கும் ஒளிப்பதிவும், இடையிடையே பொருந்தா நகைச்சுவையும் இப்படத்தின் குறைகள். எனினும், இச்சாவு வலிந்து புகுத்தப்பட்டதன்று. கொலைக்கு விலை வகுத்த சட்டத்தின் விளைவாகவே அது நிகழ்கிறது. தலைவன் பிழைக்கும் மாற்று முடிவொன்றும் எடுக்கப்பட்டது. அம்முடிவைப் பொருத்தின், சட்டத்தைப் பற்றிப் படம் எழுப்பிய வினா முழுதும் அவிந்து, நூறு படங்களுள் ஒன்றாக இதுவும் அமைந்திருக்கும்.

முடிவு

லியோனி காட்சியில் வல்லவர். அவர்தம் படங்கள் இன்பம் பயப்பன. ஆயின், இன்பம் பயப்பது வேறு. பொய்ம்மையை உடைப்பது வேறு. முன்னதன் புகழைப் பின்னதற்கு ஏற்றிக் கூறுதல் திறனாய்வு ஆகாது. வீரக்கதையின் பொய் அவன் நல்லவன் என்பதில் மட்டும் இல்லை. அவன் தோலான் என்பதிலும் உளது. அப்பொய்யைக் கைவிடத் துணிந்தவர் கொர்புச்சியே.