மூக்கடைப்பும் கோதுமையும்: ஒரு சொல்லாய்வு

பேராக் ரப்பர்த் தோட்டங்களில் சோறுண்டு வளர்ந்தோர் வழிவந்தவர் இன்று ஈப்போவில் காலைதோறும் ரொட்டி சானாய் உண்கின்றனர். நெடுநாள் மூக்கடைப்புக்கு அக்கோதுமைப் பசையமே காரணம் என்பாரும் உளர். சோறுண்ட தமிழ்நாட்டின் சித்த நூல்கள் பீனிசத்தை விரித்துரைப்பதை இவர்கள் எண்ணிலர் போலும்!

குழப்பத்தின் வேர் ‘ஒவ்வாமை’ என்னும் ஒரு சொல்லால் மூன்றினைச் சுட்டுவதே. 1950இல் டச்சு மருத்துவர் டிக்கே தம் ஆய்வேட்டில் கோதுமையோடு தொடர்புபடுத்தியது சிறுகுடலைக் கெடுக்கும் சீலியாக் நோய். அது பீனிசத்தை விளைக்கும் என்பது நிறுவப்பெற்றிலது. பசையக் கூருணர்வு என்பதைக் காட்டும் சோதனையே இல்லை. வயிற்றுப் பொருமலும் சோர்வும் அதன் முதன்மைக் குறிகள். மூன்றாவதே மெய்யான ஒவ்வாமை. அது மூக்கைத் தாக்கும். ஆயின் உண்ட மாவினும் மூச்சில் ஏறிய மாவே அங்குப் பெரிதும் குற்றவாளி. ரொட்டி சுடுவோர்க்கு மாத்தூளால் வரும் தும்மலும் இழுப்பும் மருத்துவர் நன்கறிந்தவை. எனவே உண்பவரினும் மாவைக் கொட்டிப் பிசைபவரே விழிப்பாயிருத்தல் வேண்டும். மலேசியாவில் மூக்கொவ்வாமைக்குத் தலையாய காரணங்களுள் ஒன்று மெத்தைத் தூசியில் வாழும் சிற்றுண்ணி. அதனை யாரும் பழிப்பதில்லை.

ஐயமுடையோர் கோதுமையை விலக்குமுன்னரே குருதிச் சோதனை செய்துகொள்க. விலக்கிய பின் செய்யின், சீலியாக் நோய் இருந்தும் சோதனையில் தோன்றாது போகலாம்.