பொதிகைக்கு மறுபுறம்

திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவர்களுக்குப் பொதிகை மேற்குமலை. காலை வெயில் அதன் முகத்தில் விழும், மாலையில் சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் இறங்கும். நானும் அப்படிப் பார்த்து வளர்ந்தவன்தான். மலைக்கு மறுபுறம், கேரளத்து விதுராவிலிருந்து காட்டுப்பாதையில் ஏறி, ஒரு தை மாதக் காலையில் போனக்காடு எஸ்டேட்டில் நின்றபோது திசையே குழம்பிவிட்டது. பொதிகையின் 1,868 மீட்டர் உயரச் சிகரமான அகத்தியர்கூடம் எனக்குத் தென்கிழக்கே இருந்தது. மார்கழி, தை மாதங்களில் சூரியனும் அந்தப் பக்கத்தை ஒட்டியே எழும். மலை மொத்தமும் கறுத்து நிற்க, விளிம்பில் மட்டும் ஒளி ஊறிக்கொண்டிருந்தது.

நிலக்காட்சிப் படக்கலையில் எனக்குப் பெரும் பித்து பிடித்தது அன்றைக்குத்தான். எதிர்வெயிலில் பனி தானே விளக்காகிவிடுகிறது. அகலமான லென்ஸில் மலை கடுகாகச் சுருங்கிப் போகும். 200 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் மடிப்புகள் ஒன்றையொன்று நெருங்கி வரும்: முதலாவது கறுப்பு, அடுத்தது நீலம், அதற்கப்பால் சாம்பல், பிறகு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு கோடு. கேமராவின் ஒளி அளவி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாகவே கணக்குப் போடும். அதன் போக்கில் விட்டால் வெண்பனி அழுக்குத் துணிபோல் வரும். ஒளியை ஒரு ஸ்டாப் கூட்டி எடுக்க வேண்டும். கூட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும், மழைக்காலமென்றால் காலில் அட்டை ஏறுவதையும் பொறுத்துக்கொண்டு.

இந்தக் காத்திருப்பை நினைக்கும்போது லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி நினைவுக்கு வருவார். 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தவர். அக்காலக் காகித நெகட்டிவ் நீல ஒளியை மிகையாகப் பதிவுசெய்யும், வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அது பொறுக்காமல், அதற்கு முன்பே 1855இல் பர்மாவில் எடுத்த நெகட்டிவ்களில் மேகங்களைத் தூரிகையால் தீட்டிச் சேர்த்தார். மேகத்தின் மீது அத்தனை ஆசை! போனக்காட்டில் அது கேட்காமலே வந்து லென்ஸின் மேல் உட்கார்ந்துகொள்கிறது.

இங்கே எடுக்கப்படும் படங்களில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கண்ணாடி உடைந்த தேயிலை பேக்டரி, மேட்டிலிருக்கும் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா, அதைப் பற்றிய பேய்க்கதை, இவையே திரும்பத் திரும்ப வருகின்றன. ஆளற்ற இடமாகக் காட்டினால்தான் அழகு என்று யாரோ சொல்லிவைத்தது போல. படமெடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் அதே நெருக்கடி. வருமானம் பெரும்பாலும் கல்யாண வீடுகளில்தான். மலையைக் காசு கொடுத்துக் கேட்கும் விடுதிகளுக்கோ மனிதர் இல்லாத பச்சை வேண்டும்.

ஆனால் இந்தப் பச்சையைப் படிக்கத் தெரிய வேண்டும். தேயிலை மரச்சாதி. கவாத்து செய்வதால்தான் இடுப்பளவில் நிற்கிறது. வெட்டும் கை நின்றுபோனால் ஆள் உயரம் தாண்டி வளர்ந்துவிடும். போனக்காட்டுச் சரிவில் அப்படி ஓங்கி நிற்கும் தேயிலையைப் படமெடுப்பவர், எஸ்டேட் முடங்கிக் கூலி நின்றுபோன ஆண்டுகளையும் சேர்த்தே எடுக்கிறார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. தமிழ்தான் பேசுகிறார்கள்.

அப்படி ஒரு லயத்து வாசலில் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. சமையல்கட்டு ஓட்டிலிருந்து விறகுப் புகை எழுகிறது, பள்ளத்திலிருந்து பனி ஏறுகிறது. புகையின் துகள் மிக நுண்ணியது, கரிய மலையைப் பின்னணியாகக் கொண்டால் நீலம் காட்டும். பனித்துளி பெரிது, வெள்ளையாகவே நிற்கும். கூரைக்கு மேலே அந்த நீலமும் வெள்ளையும் கலக்கும் இடத்துக்காக மூன்று காலைகள் போனேன்.

அடுத்த முறை பெரிதாகப் பிரிண்ட் போட்டு அந்த வீட்டுக்குக் கொண்டுபோனேன். பாட்டி வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“ஏ தம்பி, இது நம்ம அடுப்புப் புகைதான?” என்று கேட்டார்.