குலுக்கலும் ஜீப்பும்

நம் பக்கத்துச் சமூக ஆய்வில் மூன்று மரபுகள் உண்டு. மூத்தது கணக்கெடுப்பு. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களைச் சொந்த ஊருக்கு அனுப்பி, நிலம், கடன், கூலி எல்லாம் எழுதிவரச் சொன்னார். 1918இல் அது நூலாயிற்று. அடுத்தது கூடவே தங்கிப் பார்ப்பது. தேனியிலிருந்து பார்த்தால் ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் பிரமலைக் கள்ளர்களிடையே தங்கிய லூயி துய்மோனின் நூல் 1957இல் பிரெஞ்சில் வந்தது. கடைக்குட்டிதான் சோதனை முறை: ஊர்களைக் குலுக்கிப் போட்டு, ஒரு பங்குக்கு ஒன்றைச் செய்து, மறு பங்கைச் சும்மா விட்டு, வித்தியாசத்தை எண்ணுவது.

கடைக்குட்டியின் சமர்த்தைக் கண் சிகிச்சையில் பார்க்கலாம். 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1985இல் தேனிக்கும் வந்தது. இலவச முகாம் போட்டாலும் புரை விழுந்த பலர் வரவில்லை. காசா, பயமா, கூட்டிப்போக ஆளில்லையா? அரவிந்த்காரர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வில் 90 கிராமங்களைக் குலுக்கிப் பிரித்து எட்டு உத்திகளைப் பரீட்சித்தார்கள். ஒரு தொகுதிக்கு எதுவும் இல்லை. 8 மாதம் கழித்துப் பலனைப் பார்த்து, 1991இல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர் வீடுவீடாகப் போய்ப் பேசியது நன்றாக எடுபட்டது. கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது பரவாத காலம். சோடாபுட்டிக் கண்ணாடியோடு திண்ணையில் வந்து உட்காருபவரே அத்தாட்சி. குலுக்காமல் விட்டிருந்தால் பஸ் போகும் ஊர்களாகவே பொறுக்கியிருப்பார்கள். பலன் உத்தியாலா பஸ்ஸாலா என்று பிறகு யார் சொல்வது?

அங்கே ஜெயித்த வாய்ப்பேச்சேதான் இந்த முறைக்கு வினையும். விடியுமுன் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் ஜீப்பைப் பாருங்கள். நாலு ஊர்ப் பெண்கள் மடியில் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஓர் ஊருக்கு மட்டும் கொடுத்த சேதி கம்பம்மெட்டு ஏறி முடிப்பதற்குள் மற்ற மூன்றுக்கும் போய்விடும். அப்புறம் ‘சும்மா விட்ட ஊர்’ என்று எதைக் காட்டுவது? பதினோரு மணிக்குக் கேள்வித்தாளோடு வருகிறவருக்கு அகப்படுவதும் கிழவர்களும் குழந்தைகளும்தான்.

குலுக்கவே முடியாதவையும் இருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் யாருடைய வயல் தலைமடையில், யாருடையது கடைமடையில் என்பதைச் சீட்டுப் போட்டு மாற்ற முடியாது. சாதியையும் அப்படித்தான். பிரமலைக் கள்ளர் பகுதியிலுள்ள பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் தலித்துகளுக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிக்கு 1996 முதல் 2006 வரை ஒழுங்காகத் தேர்தல் நடத்த முடியவில்லை. ஏன் என்று கேட்டால் துய்மோன் மாதிரி அங்கேயே தங்கியவர்தான் வாயைத் திறக்க முடியும்.

சோதனை முறையை நான் தள்ளவில்லை. தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளில் பாதிக்கு அரைநேர ஊழியர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டுப் பார்த்தபோது, கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. அதை வேறெந்த முறையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது. ஆனால் ஒரு சோதனை நல்லதா என்று என்னைக் கேட்டால், புள்ளியியலுக்கு முன்னால் ஒன்று விசாரிப்பேன்: எண்ணி முடித்த பிறகு, சும்மா விட்ட ஊர்களுக்கு முகாம் வேன் போனதா?