ராயக்கோட்டைப் படிகள்
ஓசூரிலிருந்து தருமபுரி போகிறவர்கள் ராயக்கோட்டையில் தக்காளிக் கூடைகளைப் பார்ப்பார்கள். ஊருக்கு மேலே நிற்கும் மலைக்கோட்டையை அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. நான் ஒரு காலையில் ஏறினேன். பத்துப் படி ஏறியதுமே லாரி ஹாரன்கள் அமுங்கி, காற்றின் இரைச்சல் காதில் நிறைந்தது. பாறையோடு பாறையாக வெட்டிய படிகள். குனிந்து தடவினால் ஓரங்களில் உளி கொத்திய புள்ளிகள் இன்னும் விரலில் நெருடுகின்றன. நடுவில் மட்டும், எத்தனையோ தலைமுறைக் கால்கள் பட்டு, அம்மிக்கல்போல வழுவழுப்பு.

மதிலில் பெரிய கற்களுக்கிடையே சில்லுக் கற்களைச் செருகியிருக்கிறார்கள். ஒவ்வொரு சில்லையும் கையில் திருப்பிப் பார்த்து, இடுக்குக்குப் பொருந்துகிறதா என்று அளந்த பொறுமை அதில் தெரிகிறது. 1791-இல் இந்தக் கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயப் படையைப் பற்றிப் புத்தகங்கள் சொல்கின்றன. கல்லடித்தவர் பெயரைச் சொல்ல அவருடைய உளித் தடம்தான் இருக்கிறது. அது போதுமான கையெழுத்து. அந்த வழியே போனால் ஏறி இறங்க நேரம் ஒதுக்குங்கள். வெயில் ஏறுமுன் ஏறுங்கள். கொண்டுபோகும் தண்ணீர் பாட்டிலை மறக்காமல் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.