சீப்பு சொல்லும் சேதி

நாய் வளர்க்கும் வீடுகளில் ஒரு பிரஷ்ஷின் அருமையைக் குவியலை வைத்தே அளக்கிறார்கள். பத்து நிமிடம் வாரிய பிறகு தரையில் எவ்வளவு முடி கிடக்கிறதோ, அவ்வளவு நல்ல பிரஷ். விளம்பரப் படங்களும் இதே கணக்கைத்தான் போடுகின்றன: ஒரு பக்கம் லாப்ரடார், பக்கத்தில் அதன் உயரத்துக்கு ஒரு முடிமலை. இந்தக் கணக்கில் பிழை இருக்கிறது. முடியை எடுப்பது கருவியின் பாதி வேலைதான். ரோமத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் தோலைப் பற்றிக் கைக்குச் சேதி கொண்டுவருவது மறுபாதி, அதுவே பெரிய பாதி. இந்த அளவுகோலால் அளந்தால் கடை அடுக்கில் மேலே மினுக்கும் பல பொருள்கள் கீழே இறங்கிவிடும்; கவனிப்பாரற்றுத் தொங்கும் ஓர் எஃகுச் சீப்பு மேலே ஏறும்.

தோலின் சேதிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மிக மெல்லியது; உடலின் பல இடங்களில் மூன்று முதல் ஐந்து செல் அடுக்குகள்தான். அந்தத் தோலில் ஒரே துளையிலிருந்து பல முடிகள் கிளம்புகின்றன: தடித்த மேல்முடி ஒன்று, அதைச் சுற்றி மெல்லிய உள்முடிகள். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர், நம் ஊரில் பொமரேனியன் என்றே அழைக்கப்படும் இந்தியன் ஸ்பிட்ஸ் ஆகியவற்றில் அந்த உள்முடி பஞ்சுபோல் அடர்ந்து தனி அடுக்காகவே நிற்கும். ஷிட்சு, லாசா ஆப்ஸோ, பூடில் போன்றவற்றின் முடியோ மனிதத் தலைமுடிபோல் நீண்டுகொண்டே போகும். உதிர்ந்த முடி தரைக்கு வராமல் பக்கத்து முடியிலேயே பின்னிக்கொள்ளும். இரண்டு வகையிலும் கோளாறு தொடங்குவது வேரடியில்தான். மேலே பட்டாகப் பளபளக்கும் நாயின் காதுக்குப் பின்னால், அக்குளில், தொடை இடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் சடை பிடித்திருக்கும். சடைக்குள் ஈரம் தங்கும், காற்று புகாது, தோல் சிவந்து புண்ணாகும். கண் இதைக் கண்டுபிடிப்பதற்குள் வாரங்கள் ஓடியிருக்கும்.

சீப்பு அதை அன்றைக்கே சொல்லிவிடும். தொழிலில் ‘கிரேஹவுண்ட் சீப்பு’ என்று பெயர் பெற்ற வகை, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில், பாதிக்கு அகன்ற பற்களும் பாதிக்கு நெருங்கிய பற்களும் கொண்டது. அதன் அழகு அது வளையாததில் இருக்கிறது. பிளாஸ்டிக் சீப்பின் பல் சிக்கைக் கண்டால் வளைந்து நழுவிவிடும். அங்கே ஒன்றுமே இல்லை என்று கைக்குப் பொய்ச் செய்தி போகும். அச்சில் வார்த்தபோது பல்லோரத்தில் நின்றுவிட்ட பிசிறு வேறு நல்ல முடியையும் இழுக்கும். மெருகேற்றிய எஃகுப் பல் இந்த இரண்டு குற்றமும் செய்யாது. முடிச்சு இருக்கும் இடத்தில் நிற்கும், இல்லாத இடத்தில் தண்ணீராய் ஓடும். வேரடியிலிருந்து நுனிவரை அகன்ற பக்கம் தடங்கலின்றிப் போய், பிறகு நெருங்கிய பக்கமும் போனால்தான் வாரி முடிந்தது என்று அர்த்தம். சீப்பு நின்றால் இழுக்கக் கூடாது. எண்ணெய் தேய்த்து ஊறிய கூந்தலுக்கு நம் வீட்டுப் பெண்கள் செய்வதுபோல, சிக்குக்கு மேலே முடியைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து மெல்ல மெல்ல மேலேறி எடுக்க வேண்டும். குளிப்பாட்டிவிட்டுச் சிக்கெடுக்கலாம் என்பது தலைகீழ் வரிசை. சடை நனைந்து உலர்ந்தால் இன்னும் இறுகும்.

சீப்பு சோதிக்கும் கருவி என்றால் உழைக்கும் கருவி ஸ்லிக்கர் பிரஷ். மெத்தென்ற திண்டில் நூற்றுக்கணக்கான மெல்லிய கம்பிகள், ஒவ்வொன்றும் நடுவில் ஒரு வளைவோடு நிற்கும். வளைவு உதிர்ந்த உள்முடியைக் கொக்கிபோல் பிடிக்கிறது. வேரூன்றிய முடி இழுபடும்போது திண்டு அமுங்கி, கம்பி பின்வாங்கி, பிடியை விட்டுவிடுகிறது. நல்ல ஸ்லிக்கரையும் மட்டமானதையும் பிரிப்பது இந்த அமுக்கம்தான். திண்டு கட்டையாக இருந்தால் கம்பி தோலைக் கீறும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் தோல் சிவந்து எரியும். இதைத் தொழில்காரர்கள் பிரஷ் எரிச்சல் என்கிறார்கள். நாயின் மேல் வைக்கப்போகும் அதே அழுத்தத்தில் நம் முன்கையின் உட்புறத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதும், கடையிலேயே தீர்ப்பு கிடைத்துவிடும். கம்பி நுனியில் பிளாஸ்டிக் உருண்டை வைத்தவை பாதுகாப்பானவை என்ற எண்ணம் பாதிதான் சரி. அடர்ந்த ரோமத்தில் அந்த உருண்டை தோல்வரை இறங்காமல் மேலேயே மிதக்கும். மேலே மட்டும் வாரிய நாய், சடையை மூடி மறைத்த நாய். ஒரு கையால் வகிடு பிரித்து, ஓரோர் அடுக்காகக் கீழிறக்கி வாருவது ஸ்லிக்கரைப் பிடிக்கும் முறை. அந்த முறை இல்லாத கையில் எந்த விலை பிரஷ்ஷும் வீண்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு வகிடு எடுக்க ஏது நேரம்? ஃபர்மினேட்டர் போன்ற முடி உதிர்ப்பான்கள் சில இழுப்பில் காரியத்தை முடித்துவிடுகின்றனவே? முடிக்கின்றன, உண்மைதான். நெருக்கமான குட்டைப் பற்கள் வரிசையிட்ட அந்த உலோக விளிம்பு, முடி கொட்டும் பருவத்தில் லாப்ரடாரின் உள்முடியை மூட்டை மூட்டையாக வெளியே கொண்டுவரும். ஆனால் போதும் என்று சொல்லத் தெரியாத கருவி அது. உதிர்ந்த முடி தீர்ந்த பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால் வெயிலையும் மழையையும் தாங்கவேண்டிய மேல்முடியும் அறுபடத் தொடங்கும். குவியல் மட்டும் வளர்ந்துகொண்டிருப்பதால் வாருகிறவருக்கு வேலை நன்றாக நடப்பதாகவே தோன்றும். குவியல் கணக்கின் ஆபத்து இதுதான். ஷிட்சு, பூடில் வகைகளின் மேல் இதை வைக்கவே கூடாது. லாப்ரடாருக்குப் பருவத்தில் எப்போதாவது, அளவோடு, சீப்பை அருகில் வைத்துக்கொண்டு என்றால் மறுப்பதற்கில்லை.

அடுத்த மறுப்பு நம் மண்ணிலிருந்தே வரும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் குட்டை முடி நாய்கள். அவற்றுக்குச் சீப்பு எதற்கு? அஞ்சல் துறை 2005இல் தபால்தலையில் ஏற்றிய ராஜபாளையத்தின் வெண்மேனிக்கு ஸ்லிக்கர் தேவையில்லை என்பது சரி, தேவையில்லாதது மட்டுமில்லை, கெடுதலும்கூட. தடுக்க அடர்ந்த ரோமம் இல்லாததால் கம்பி நேரே தோலில் ஏறும். அந்த வகைக்கு ரப்பர் பிரஷ்ஷைப்போல் பொருத்தமான கருவி வேறில்லை. தடித்த ரப்பர் முனைகள் வட்டமாக உருளும்போது உதிர்முடி அதில் ஒட்டி வந்துவிடும், தோலுக்கும் சுகமான பிடித்துவிடல் கிடைக்கும். ஆனாலும் சீப்புக்கு அங்கே வேறொரு வேலை காத்திருக்கிறது. நம் பேன்சீப்பைப்போல் பல் நெருங்கிய சிறு சீப்பு காதடி, கழுத்து, கால்விரல் இடுக்கு என்று போகும்போது தடுக்கினால், அங்கே உண்ணி இருக்கலாம். நம் வெப்பத்தில் வீட்டுச் சுவர் இடுக்குகளில்கூடப் பெருகும் பழுப்பு நாய் உண்ணி, உண்ணிக் காய்ச்சலைப் பரப்புவது. கண்டுபிடிப்பதோடு சீப்பின் வேலை முடிந்தது. கடித்திருக்கும் உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுப்பது இடுக்கியின் வேலை.

கோடை வந்தால் மழித்துவிடுவதுதான் கருணை என்ற எண்ணமும் பரவலானது. நாய் நம்மைப்போல் உடலெங்கும் வியர்த்துக் குளிர்வதில்லை. மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. நன்றாக வாரிய இரட்டை அடுக்கு ரோமம் வெயிலுக்குத் திரை. அதை மழித்தால் திரையும் போகும், சில நாய்களுக்கு முடி திட்டுத்திட்டாக, மாதக்கணக்கில் தாமதித்து முளைக்கும். அதனால் ஸ்பிட்ஸ் வளர்ப்பவரின் பெட்டியில் கிளிப்பருக்கு இடமில்லை. ஷிட்சு வளர்ப்பவருக்கு உண்டு. அதன் முடி வளர்ந்துகொண்டே இருப்பது. அங்கும் கருவியின் சேதியைக் கேட்கவேண்டும்: ஓடும் பிளேடு சூடேறும், ஆகவே அவ்வப்போது நம் மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, எண்ணெய் விட்டு ஆற வைக்கவேண்டும். எண் 10 பிளேடு சுமார் 1.5 மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும் என்பதால் வீட்டுக் கைக்கு ஏற்றது. எண் ஏற ஏறத் தோல் நெருங்கும். சடையைக் கத்தரிக்கோலால் வெட்டுவது மட்டும் வேண்டாம். சடை இழுக்கும்போது தோலும் கூடாரம்போல் எழும்பி அதற்குள் வந்துவிடுகிறது, கத்தரிக்கோலுக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

நகவெட்டியைத் தேர்வதிலும் இதே அளவுகோல் நிற்கும். துளைக்குள் நகத்தை நுழைத்து வெட்டும் கில்லட்டின் வகையில் பிளேடு மழுங்கினால், நகம் வெட்டுப்படாமல் நசுங்கும். இரு அலகும் சந்திக்கும் கத்தரி வகையில் வெட்டும் இடம் கண்ணுக்குத் தெரியும், அழுத்தம் கைக்குத் தெரியும். கறுப்பு நகத்தில் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் வெளியே தெரியாது. மெல்லிய சீவல்களாக வெட்டி, வெட்டுமுகத்தின் நடுவில் ஒரு கரும்புள்ளி தோன்றியதும் நிறுத்தவேண்டும்.

இவ்வளவும் எதற்கு, சலூனுக்கு அனுப்பிவிடலாமே என்பது கடைசி மறுப்பு. அனுப்பலாம், முடிவெட்டு நிச்சயம் வீட்டைவிட அங்கே அழகாகவே அமையும். ஆனால் சலூன் மாதம் ஒருமுறை, சடையும் உண்ணியும் வாரத்துக்குள் வருபவை. நேற்றில்லாத ஒரு சிறு கட்டி இன்று சீப்பில் தட்டுவது, அந்த உடம்பை அடிக்கடி தொடும் கைக்கு மட்டுமே புலப்படும். ஆகவே பணத்தை முதலில் எஃகுச் சீப்பில் போடுங்கள், அடுத்து அந்த நாயின் ரோமத்துக்கேற்ற ஒரே ஒரு பிரஷ்ஷில், பிறகு நகவெட்டியில். மற்றவை தேவை வந்தபின் வரட்டும். ஸ்லிக்கரின் கம்பி நாளடைவில் கோணும், பிளேடு மழுங்கும், மோட்டார் தேயும். தீட்டவும் மாற்றவும் ஏதுமில்லாத சீப்பு, பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும் நாய்க்குப் பின்னும் வீட்டில் இருக்கும்; அடுத்து வரும் குட்டியின் ரோமத்திலும் அதே பல்லால், புதிய சேதியைத் தேடி இறங்கும்.