துணையூக்கி யாருடைய உடைமை?

நோய்களை எதிர்த்து விஞ்ஞானம் நடத்தும் போராட்டம் பற்றி எழுதப்படும் கட்டுரைகளிற் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. கிருமியொன்று தோன்றும், அறிஞரொருவர் இரவு பகலாக உழைப்பார், கொடையாளியொருவர் பணப்பையை அவிழ்ப்பார், ஈற்றில் மானிடம் வெல்லும். காசநோய்க்கான புதிய தடுப்புமருந்து குறித்து அண்மைக்காலத்தில் வெளிவரும் எழுத்துக்களும் இவ்வகையினவே. விஞ்ஞானத்தின் சாதனையைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. ஆனால், இக்கதையின் ஓரத்தில் நிற்கும் ஒரு பாத்திரத்தைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. அதனைத் துணையூக்கி என்பர். கதையின் உண்மையான முடிச்சு அங்கேதான் இருக்கிறதென்பது நமது கருத்து.

இன்றைய தடுப்புமருந்துகள் பலவற்றில் இரு கூறுகள் உள. ஒன்று, கிருமியின் அடையாளத்தை உடலுக்குக் காட்டும் புரதம். மற்றது, அவ்வடையாளத்தைக் கண்டும் வாளாவிருக்கும் உடலைத் தட்டியெழுப்பும் பொருள். இவ்விரண்டாவதே துணையூக்கி. 1920களில் பிரான்சு நாட்டின் கஸ்தோன் றமோன், தொண்டைக்கரப்பன் நோயின் நச்சுப்பொருளை ஊசிமூலம் பெற்ற குதிரைகளுள், ஊசியேற்றிய இடத்திற் கட்டி கண்டவையே கூடுதலான எதிர்ப்பாற்றலைப் பெற்றதை அவதானித்தார். உடனே மரவள்ளி மாவையும் பாண் துகளையும் மருந்துடன் கலந்து பார்த்தார். சமையலறைப் பண்டங்களிலிருந்து பிறந்த விஞ்ஞானமிது! 1926இல் இங்கிலாந்தின் கிளெனி படிகாரத்தின் பயனைக் கண்டார். அதன்பின் பல தசாப்தங்களாக மனிதர்க்கான தடுப்புமருந்துகளில் அலுமினிய உப்புக்களே துணையூக்கியாயிருந்தன.

காசநோய்க்கு அவை போதா. அலுமினிய உப்புக்கள் பெரும்பாலும் குருதியிலுள்ள எதிர்ப்புப் புரதங்களைப் பெருக்குவன. காசநோய்க் கிருமியோ உடலின் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்வது. அதனைத் தேடிச்செல்லும் அணுப்படை வேறு. 1921 முதல் வழக்கிலுள்ள பி.சி.ஜி. தடுப்புமருந்து குழந்தைகளைக் கொடிய வகை நோயிலிருந்து காக்கிறது. ஆயின் 1968இல் தமிழ்நாட்டின் செங்கற்பட்டில் தொடங்கி இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட சோதனை, வளர்ந்தோரின் நுரையீரற் காசநோயை அது தடுக்கவில்லையெனக் காட்டியது. நோயைப் பிறர்க்குப் பரப்புவோர் பெரும்பாலும் வளர்ந்தோரே. 2023இல் இந்நோயால் 12.5 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவ்வாண்டில் முதன்மையான மருந்துகளுக்கு அடங்காத வகை ஏறத்தாழ 4 இலட்சம் பேரைப் பீடித்தது; அவர்களுள் ஐவரில் இருவரே சிகிச்சை பெற்றனர். எந்த மருந்துக்கும் கிருமி காலப்போக்கில் எதிர்ப்பாற்றலைப் பெறக்கூடும். தடுப்புமருந்து தூண்டும் எதிர்ப்பாற்றலோ வேறு வழியிற் செயற்படுவது; மருந்துக்கு அடங்கும் கிருமி, அடங்காத கிருமி என்ற பேதம் அதற்கில்லை.

இவ்வகையில் இன்று முன்னணியில் நிற்பது எம்-72 என்னும் தடுப்புமருந்து. காசநோய்க் கிருமியின் இரு புரதங்களை இணைத்து ஆக்கப்பட்டது அது. தனியே அதன் குரல் உடலின் செவியில் ஏறாது. ஏ.எஸ்.-01 என்னும் துணையூக்கியே அதற்குத் தொண்டை. அத்துணையூக்கியின் ஒரு கூறு பற்றீரியா ஒன்றின் மேலுறையிலிருந்து பெறப்படுவது. மற்றக்கூறு சிலி நாட்டின் கில்லாய் மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. பூந்திக்கொட்டையின் நுரையை அறிந்தோர்க்கு இப்பட்டையின் இயல்பு விளங்கும். மப்புச்சே மக்கள் தலைமுறை தலைமுறையாக அதனைச் சவர்க்காரமாகப் பயன்படுத்தி வந்தனர்.

கென்யா, தென்னாபிரிக்கா, சாம்பியா ஆகிய நாடுகளில் 3,500க்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட சோதனையின் இறுதி முடிவு 2019இல் வெளியாயிற்று. மூன்றாண்டுகளில் மருந்து பெற்றோருள் 13 பேரும், பெறாதோருள் 26 பேரும் நோயுற்றனர். ஏறத்தாழச் சரிபாதி! நூறாண்டுக் காத்திருப்பின் பின் கிடைத்த செய்தியிது. ஆனால் அடுத்த கட்டச் சோதனை 2024 மார்ச்சிலேயே தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளைக் கொரோனாவின்மீது மட்டும் சுமத்திவிட முடியுமா?

அதே துணையூக்கியின் கதையைப் பார்ப்போம். கிளாக்சோ ஸ்மித்கிளைன் கம்பனி அதனை அக்கி அம்மைத் தடுப்புமருந்திற் சேர்த்து 2017இல் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. செல்வந்த நாடுகளின் முதியோருக்கான அம்மருந்து 2023இல் 340 கோடி பவுணுக்கு மேல் விற்பனையாயிற்று. முதியோரின் வேதனையை நாம் எள்ளவில்லை; அக்கி அம்மையின் வலி பொல்லாதது. காசநோயாளிக்கோ வாங்கும் சக்தி இல்லை. எனவே 2020இல் எம்-72இன் அபிவிருத்தி உரிமை கேட்ஸ் அறநிலையத்தின் ஆய்வு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. அவ்வுரிமை நோய்ப்பளுமிக்க வறிய நாடுகளுக்கானது. துணையூக்கியைக் கம்பனி தானே வழங்கும் என்பது ஏற்பாடு. புரதம் கைமாறிற்று, தொண்டை கைமாறவில்லை. மலேரியாத் தடுப்புமருந்திலும் இதே நிலைதான்: 2021இல் அதன் புரத உற்பத்தியை இந்தியக் கம்பனியொன்றுக்குக் கைமாற்ற உடன்பட்டபோதும் துணையூக்கியின் உற்பத்தி பழைய இடத்திலேயே நிறுத்தப்பட்டது. 'துணை' என்ற சொல் இவ்விடத்தில் நம்மை ஏமாற்றுகிறது. துணைப்பொருளை உடையவனே முழுமருந்தையும் உடையவன்.

கம்பனியின் தரப்பினர் கூறுவதையும் செவிமடுப்போம். பல ஆண்டு நட்டத்தைத் தாங்கியது யார்? அக்கி அம்மை மருந்து விற்றிராவிடின் இத்துணையூக்கியே நிலைத்திராதே என்பர். இதில் உண்மையில்லாமல் இல்லை. கம்பனியின் விஞ்ஞானிகள் ஏழைக் குழந்தைகளுக்கான மலேரியா மருந்திலும் இதனைச் சேர்த்தனர். அவர்களை மூலதனத்தின் ஏவலாளர் என்று ஒரே வீச்சில் ஒதுக்கும் நம் நண்பர் சிலரோடு நாம் உடன்படோம். எனினும் கணக்கு முழுமையாக எழுதப்படவேண்டும். அவ்வாபிரிக்கச் சோதனையின் செலவிற் கம்பனியோடு பங்கேற்ற ஏராஸ் என்னும் அமைப்பு, அரசாங்கங்களிடமும் அறநிலையத்திடமும் நிதிபெற்று இயங்கியது. தம் உடலைத் தந்தோர் ஆபிரிக்க மக்கள். இவற்றை மூலதனமாகக் கொள்ளாத கணக்கு எத்தகைய கணக்கு?

உடைமையின் வேலி அசையாததன்று. மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கான பெடாகுயிலின் மருந்தின் காப்புரிமையை நீட்டிக்கும் விண்ணப்பத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் நிராகரித்தது. அவ்விண்ணப்பத்தை எதிர்த்து நின்றோருள் இருவர், பழைய ஊசிமருந்தின் நச்சுத்தன்மையாற் செவிப்புலனை இழந்து நோயிலிருந்து மீண்ட பெண்கள். ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாபிரிக்கர். 2024இல் கலிபோர்னியாவின் பேர்க்லி ஆய்வுகூடத்தார் அம்மரப்பட்டைப் பொருளை மதுவத்தின் மூலம் ஆக்கிக் காட்டினர். கிடைத்த அளவு மிகச் சிறிது. ஆயினும் சிலியின் மரத்தையும் ஒரு கம்பனியின் தயவையும் நம்பியிராத வழி உண்டென்பது தெளிவாயிற்று.

இப்பொழுது நடைபெறும் சோதனைக்கு ஆபிரிக்காவிலும் இந்தோனேசியாவிலும் ஏறத்தாழ 20,000 பேர் தம்மை ஒப்படைத்துள்ளனர். இந்நாடுகளின் சுகாதார அமைச்சுக்கள் முடிவு வெளிவரும்வரை காத்திராமல் இப்பொழுதே கேட்கவேண்டியவை உள. துணையூக்கியின் விலை என்ன? ஆண்டொன்றுக்கு எத்தனை கோடி ஊசிகளுக்கு அது கிடைக்கும்? அதனை ஆக்கும் முறை நைரோபிக்கும் ஜகார்த்தாவுக்கும் எந்த ஆண்டிற் கற்பிக்கப்படும்?